கம்பைலருக்குப் பதவி உயர்வு வேண்டாம்

2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகைக்கு ஞானோதயம் வந்தது. சி, சி++ மொழிகளில் எழுதியது போதும், கணினியின் நினைவகத்தில் கண்டபடி கைவைக்க விடாத மொழிகளுக்கு மாறுங்கள் என்று அதன் தேசிய சைபர் இயக்குநர் அலுவலகம் அறிக்கை விட்டது. விண்வெளி மென்பொருளுக்கு அதில் தனி இடம். விண்கலத்துக்கு எழுதும் மொழி வன்பொருளை ஒட்டி ஓட வேண்டும். சொன்ன நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். நடுவழியில் நினைவகக் குப்பையைப் பெருக்குகிறேன் என்று நின்றுவிடக் கூடாது. இத்தனைக்கும் பொருந்தி, பாதுகாப்பும் உள்ள மொழிக்கு ரஸ்ட்டை உதாரணம் காட்டினார்கள். காட்டிய கையோடு, அது விண்வெளியில் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரியும் சேர்த்தார்கள்.

நிரூபிக்கப்படவில்லை. நல்லது. நிரூபிக்கப்பட்டவை கிழித்ததைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

விண்பயண இயக்கவியல் என்பது பெயரில்தான் பெரிது. கலம் இப்போது எங்கே இருக்கிறது, நாளைக்கு எங்கே இருக்கும், வேண்டிய இடத்துக்குப் போக எந்தப் பக்கம் எவ்வளவு தள்ள வேண்டும். இவ்வளவுதான் கேள்வி. பதில் சொல்லும் மென்பொருளின் பெரும்பகுதி தரையில், ஏசி அறையில், காபி கோப்பைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து செய்யும் தவறுக்கு 20 கோடி கிலோமீட்டர் தள்ளி ஒரு கலம் பலியாகும். செய்தவர் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

1998 டிசம்பர் 11 அன்று நாசா 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியது. கலம் தடுமாறாமல் இருக்க உள்ளே சக்கரங்கள் சுழலும். சூரிய ஒளியின் அழுத்தம் ஓயாமல் தள்ளுவதால் சக்கரங்களின் வேகம் ஏறிக்கொண்டே போகும். அவ்வப்போது த்ரஸ்டரைச் சற்று இயக்கி அந்த வேகத்தை இறக்க வேண்டும். சூரியத் தகடு ஒரு பக்கம் மட்டுமே இருந்ததால், எதிர்பார்த்ததைவிட 10 முதல் 14 மடங்கு அதிகமாக இதைச் செய்ய நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் கலம் இம்மியளவு நகரும். அந்தத் தள்ளல் எவ்வளவு என்று கணக்கிட்டு ஒரு ஃபைலில் எழுதித் தருவது தரையிலிருந்த ஒரு மென்பொருள். அதைச் செய்து கொடுத்தது லாக்ஹீட் மார்ட்டின். ஃபைலைப் படித்துப் பாதையைக் கணித்தது கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம்.

எழுதிய மென்பொருள் பவுண்டு-நொடியில் எழுதியது. படித்தவர்கள் நியூட்டன்-நொடி என்று படித்தார்கள். 4.45 மடங்கு வித்தியாசம். மெட்ரிக் அலகில்தான் தர வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது. ஆவணம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. வருகிற எண் அதன்படி வருகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை. பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியர்கள்கூட அலகு போடாத பையனைத் திட்ட இதைச் சொல்கிறார்கள். ரத்தம் கொதிக்கிற பகுதி இனிமேல்தான். முதல் நான்கு மாதம் அந்த ஃபைலே பயன்படவில்லை. வடிவத்தில் பிழை. மின்னஞ்சலில் விவரம் வாங்கி ஒப்பேற்றினார்கள். ஏப்ரலில் ஃபைல் ஒழுங்காக வர ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் எண்கள் ஒட்டவில்லை என்று வழிகாட்டும் குழுவுக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரலில்! கலம் செவ்வாயை அடைந்ததோ செப்டம்பர் 23 அன்று. இடையில் ஐந்து மாதம். ஒரு மனிதர் எழுந்து பக்கத்து நிறுவனத்துக்குப் போன் போட்டு, "ஐயா, இந்த எண் எந்த அலகில்?" என்று கேட்க ஐந்து மாதம் போதவில்லை.

குழு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. கேட்டார்கள். மின்னஞ்சலில் கேட்டார்கள். அங்கேதான் பிசகிவிட்டது. நாசாவில் சந்தேகம் வந்தால் அதற்கென்று முறையான பதிவு உண்டு. அந்தப் பதிவேட்டில் ஏறாத சந்தேகம் சந்தேகமே அல்ல. பிறகு உட்கார்ந்த விசாரணைக் குழு இதைத்தான் நாகரிகமான நடையில் எழுதியது: பிரச்சினை முறையான வழியில் பதிவாகவில்லை, அதனால் இடுக்கில் விழுந்துவிட்டது. வழிகாட்டும் குழு ஒரே நேரத்தில் மூன்று செவ்வாய்ப் பயணங்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். ஆள் குறைத்தவர்கள் யார் என்பதற்கு இடுக்கு எதுவும் தேவைப்படவில்லை. பகிரங்கமாகவே குறைத்தார்கள். அப்போதைய நாசா தலைவர் டேனியல் கோல்டினின் கொள்கை முழக்கமே 'வேகமாக, சிறப்பாக, மலிவாக' என்பதுதான்.

கடைசி வாரம். செவ்வாய்க்கு மேலே 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் 150 முதல் 170 கிலோமீட்டருக்குள் போகும் போலிருக்கிறது என்றது கணக்கு. இன்னொரு முறை பாதையைத் திருத்தலாமா என்று பேசினார்கள். பேசினார்கள், செய்யவில்லை. கடைசி 24 மணி நேரத்தில் கணக்கு 110 என்றது. 80-க்குக் கீழே போனால் கலம் பிழைக்காது. உண்மையில் போனது 57. சிக்னல் எதிர்பார்த்ததற்கு 49 நொடி முன்னதாக நின்றது. ஜோடிக் கலமான தரையிறங்கியையும் சேர்த்து மொத்தச் செலவு 32.76 கோடி டாலர். அந்தத் தரையிறங்கியும் டிசம்பர் 3 அன்று தொலைந்தது. கணக்கு நேராகிவிட்டது. கோல்டினின் முழக்கத்தில் ஒன்றாவது நிறைவேறியது என்று வரி கட்டிய அமெரிக்கர் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கலங்கள் வேகமாகத்தான் போய்ச் சேர்ந்தன.

இப்போது ரஸ்ட்டுக்கு வருவோம். கிரேடன் ஹோர் என்பவர் 2006-இல் தனி முயற்சியாகத் தொடங்கியது. பிறகு மொஸில்லா கைகொடுத்தது. 2015 மே 15 அன்று முதல் முழுப் பதிப்பு வந்தது. எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் இதன் கம்பைலர், லஞ்சம் வாங்காத தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. ஒரு தரவுக்கு ஒரே உரிமையாளர்தான். இரவல் வாங்கினால் யார், எதுவரை என்று கணக்குக் காட்ட வேண்டும். ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் திருத்த முடியாது. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்றால், இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் மனு திரும்பி வரும். எந்த வரியில், ஏன் என்று குறிப்பும் எழுதி வரும். மேலதிகாரி போன் போட்டாலும் மசியாது.

அலகுக் குழப்பத்துக்கும் இதில் மருந்து உண்டு. நியூட்டன்-நொடிக்கு ஒரு வகை, பவுண்டு-நொடிக்கு ஒரு வகை என்று அறிவித்துவிட்டால் இரண்டையும் கூட்டும் நிரல் கம்பைல் ஆகாது. ஏவுதளம் வரை போக வேண்டாம். எழுதியவரின் மேசையிலேயே செத்துப்போகும்.

உடனே ரஸ்ட் பக்தர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். பார்த்தீர்களா, ரஸ்ட் இருந்திருந்தால் ஆர்பிட்டர் பிழைத்திருக்கும் என்பார்கள். உட்காருங்கள். அந்த எண் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு ஃபைலில் போனது. நீங்கள் பார்த்துப் பார்த்து அறிவித்த வகையெல்லாம் அலுவலக வாசலைத் தாண்டும்போது உதிர்ந்துவிடும். ஃபைலில் இருப்பது வெறும் எண். அந்தப் பக்கம் படிக்கும் ரஸ்ட் நிரலிடம் 'இது நியூட்டன்-நொடி' என்று நீங்கள் சொன்னால், அது நம்பும். மிகப் பாதுகாப்பாக, நினைவகத்தில் ஒரு பைட்டும் சிதறாமல், கலத்தை 57 கிலோமீட்டருக்கு இறக்கிவிடும்.

பக்தர்களுக்கு எதிர்முகாம் ஒன்று உண்டு. அவர்கள் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு 'பறந்து தேறியது'. பழைய நிரல், பலமுறை பறந்தது, ஆகவே தொடாதே. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோள்களும் கலங்களும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் நாசாவின் ஸ்பைஸ் மென்பொருள் ஃபோர்ட்ரான் 77-இல் எழுதப்பட்டது. அதன் சி பதிப்பை மனிதர்கள் எழுதவில்லை. இயந்திரத்தனமாக மாற்றித் தரும் ஒரு கருவிதான் ஃபோர்ட்ரானைச் சி ஆக்கியது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் விடை சரியாக வரும், பல பத்தாண்டுகளாகச் சரியாக வருகிறது. அதைக் கேலி செய்கிற இளவட்டங்கள் முதலில் ஒரு பயணத்தையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் 'பறந்து தேறியது' என்பதே சோதனைக்குப் பதிலாகிவிட்டால் என்ன ஆகும் என்று ஐரோப்பா காட்டியது. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ. ஏரியான் 5-இன் முதல் பயணம். ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் பெட்டியின் மென்பொருளை ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பறந்து தேறியது அல்லவா? அதில் ஒரு பகுதி, ராக்கெட் தரையில் நிற்கும்போது மட்டும் தேவைப்படுவது. கிளம்பிய பிறகும் சுமார் 40 நொடி ஓடும். ஏரியான் 4-இல் கவுண்ட்டவுன் கடைசி நொடிகளில் நின்றுபோனால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக அப்படி வைத்திருந்தார்கள். ஏரியான் 5-க்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் ஓடியது. இருப்பதை எடுப்பானேன்? எடுக்கக் கூட்டம் போட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும்.

தேவையற்ற அந்தப் பகுதிதான் ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்தது. ஏரியான் 5 பழைய ராக்கெட்டைவிடப் பக்கவாட்டில் வேகமாகப் போகும். எண் கொள்ளவில்லை. இப்படித் திணிக்கப்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். மூன்றுக்கு வேண்டாம் என்று யோசித்தே விட்டார்கள். கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. கவலை வேண்டாம், மாற்றுப் பெட்டி உண்டே என்பீர்கள். அது 72 மில்லி நொடி முன்பே, அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. ஒரே தவறை இரண்டு பெட்டியில் வைத்துவிட்டு அதற்கு இரட்டைப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டியிருந்தார்கள். நின்றுபோன பெட்டி அனுப்பிய பிழைச் செய்தியை ராக்கெட்டின் கணினி பயணத் தரவு என்று படித்தது. இல்லாத சாய்வைச் சரிசெய்யக் குழல்களை முழுசாகத் திருப்பியது. 40 நொடிக்குள் எல்லாம் முடிந்தது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களோடு சுமார் 37 கோடி டாலர் புகை. அதே ஆய்வுக்கு மறுபடி செய்த நான்கும் 2000-இல் விண்ணுக்குப் போயின. ஏரியானில் அல்ல, ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில்.

அந்த நிரல் எழுதப்பட்ட மொழி அடா. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தவறு நுழையவே கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்வித்த மொழி. வகைக் கட்டுப்பாடு, வரம்புச் சோதனை, பிழையைக் கையாளும் ஏற்பாடு எல்லாம் உண்டு. இன்று ரஸ்ட்டைப் பற்றி மேடையில் முழங்குவதில் பாதியை அன்று அடாவைப் பற்றி முழங்கினார்கள். ராணுவ மென்பொருளுக்கு அடாவைக் கட்டாயமாக்கி அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் சட்டமே போட்டது. 1997-இல் அந்தக் கட்டாயம் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. கூரூவில் அடா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. எண் கொள்ளவில்லை என்று கத்தியது. கத்தினால் காதில் வாங்க வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் மனிதர்கள்.

பாடம் படித்தார்களா? 2014-இல் விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்ல நாசா இரண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர். அனுபவசாலியான போயிங்குக்கு 420 கோடி. விலை மாறாத ஒப்பந்தம் என்று பெயர். அந்த மாறாத விலைக்கு மேலே 28.72 கோடி டாலர் போயிங்குக்குக் கூடுதலாகத் தர நாசா ஒப்புக்கொண்டதை அதன் சொந்தத் தணிக்கை அதிகாரியே 2019 நவம்பரில் போட்டு உடைத்தார். அடுத்த மாதம், டிசம்பர் 20 அன்று, ஸ்டார்லைனர் ஆளில்லாமல் கிளம்பியது. அதன் கடிகாரம் 11 மணி நேரம் தவறு. ராக்கெட்டிடம் தவறான தருணத்தில் மணி கேட்டு வாங்கியிருந்தது. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் எரிபொருளைக் கண்டபடி செலவழித்தது. விண்வெளி நிலையத்துக்குப் போகாமலே திரும்பியது. திரும்புவதற்குள் இன்னொரு கோளாறும் கண்ணில் பட்டது. கலத்திலிருந்து பிரியும் பின்பகுதி, பிரிந்த பிறகு கலத்தின் மீதே மோதியிருக்கலாம். நல்லவேளை, தரையிறங்கச் சில மணி நேரத்துக்கு முன் திருத்திவிட்டார்கள்.

ஏவுவது முதல் இணைவது வரை ஒரே மூச்சில் ஓட்டிப் பார்த்திருந்தால் கடிகாரக் கோளாறு தெரிந்திருக்கும். அதற்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் என்று துண்டு துண்டாகச் சோதித்தார்கள். ஐந்தாண்டு எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

இங்கேயும் ரஸ்ட் என்ன செய்திருக்கும்? நேரத்தைக் கையாள ரஸ்ட்டில் ஹைஃபைடைம் என்று அருமையான நூலகம் உண்டு. எந்தக் கால அளவு முறை என்பதை ஒவ்வொரு நேரத்தோடும் ஒட்டியே வைத்திருக்கும். அணுக் கடிகாரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடையிலுள்ள 37 நொடியைக் குழப்பிக்கொள்ளவே விடாது. பாதை கணிக்க நிக்ஸ் இருக்கிறது, ஸ்பைஸின் வேலையை ரஸ்ட்டில் செய்ய அனைஸ் இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் எழுதியவை, சந்தேகமில்லை. ஆனால் தவறான தருணத்தில் மணி கேட்டால், ஹைஃபைடைமும் தவறான மணியை நானோ நொடித் துல்லியத்தோடு வாங்கித் தரும்.

ஜப்பானின் ஹிட்டோமி விண்கலத்துக்கும் இதே கதிதான். 2016 மார்ச் 26 அன்று, சுழலாத கலம் சுழல்வதாக அதன் மென்பொருள் நினைத்துக்கொண்டது. நிறுத்தப் போய்ச் சுழற்றிவிட்டது. பாதுகாப்பு நிலைக்குப் போய் த்ரஸ்டரை இயக்கியதும் இன்னும் வேகமாகச் சுழன்றது. தரையிலிருந்து அனுப்பிய த்ரஸ்டர் அமைப்பு எண்கள் தவறு, யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. கலம் உடைந்து சிதறியது. சுமார் 3,100 கோடி யென்.

ஆக, நிறுவனங்கள் ரஸ்ட்டைத் தேடி ஓடுவதற்குக் காரணம் புரிகிறது. வேண்டாம் என்று சொல்லும் மனிதர்களை இவர்களால் தாங்க முடியவில்லை. இந்த எண் ஒட்டவில்லை என்றவரைப் படிவம் எடுத்து வா என்றார்கள். முழுச் சோதனை கேட்டால் நாள் இல்லை என்றார்கள். இப்போது அதே வேலையைச் செய்ய ஓர் இயந்திரத்தை விலைக்கு வாங்குகிறார்கள். அதற்குப் பதவி உயர்வு வேண்டாம். இடமாற்றம் கிடையாது. ஆண்டறிக்கையில் 'குழுவோடு ஒத்துழைப்பதில்லை' என்று எழுத முடியாது. அதன் பெயரைச் சொல்லி டெண்டரில் கூடுதலாக ஒரு கோடும் போட்டுக்கொள்ளலாம்: நினைவகப் பாதுகாப்பு உண்டு.

இயந்திரத்தின் வாயையும் அடைக்கத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். பிழை வந்தாலும் வரலாம் என்று கம்பைலர் எச்சரிக்கும் இடத்தில் 'அன்ராப்' என்று ஒரு சொல் போட்டால் போதும். வராது, நான் பொறுப்பு என்று பொருள். 2025 நவம்பர் 18 அன்று இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின் ரஸ்ட் நிரலில் அப்படி ஓர் அன்ராப் இருந்தது. ஒரு ஃபைல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தது. நிரல் தன்னை நிறுத்திக்கொண்டது. உலக இணையத்தில் கணிசமான பகுதி சில மணி நேரம் படுத்தது. கொள்ளாத எண்ணைக் கண்டு நின்றுபோன கூரூ பெட்டியின் சொந்தக்காரன்தான் அந்த நிரல். தரையில் இருந்ததால் மறுபடி எழுப்ப முடிந்தது.

ஏரியானைக் கொன்ற வரியை ரஸ்ட்டிலும் எழுதலாம். 64 பிட் தசம எண்ணை 16 பிட்டில் திணிக்க 'ஆஸ்' என்ற ஒரு சொல் போதும். கம்பைலர் முணுமுணுக்காது. பெட்டியும் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. எண் கொள்ளாவிட்டால் 32,767 என்று வெட்டி, அதுதான் வேகம் என்று ராக்கெட்டிடம் கொடுத்துவிடும். இதைக் கண்டிக்க கிளிப்பி என்ற சோதனைக் கருவியில் விதி இருக்கிறது. ரஸ்ட்காரர்களே எழுதி வைத்த விதி. அணைத்து வைத்தே தருகிறார்கள். அதிகம் தொல்லை கொடுக்கிறதாம்.